நுங்கம்பாக்கத்து மழைக் கணக்கு

நவம்பர் 30-ம் தேதி சாயங்காலம் தொடங்கி விடிய விடியக் கொட்டும் மழை, வானிலைத் துறையின் பதிவேட்டில் நவம்பர் மழை ஆகாது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து அளப்பவர் அதை டிசம்பர் 1-ம் தேதிக்கு நேராக எழுதுவார். டிசம்பர் மாதக் கூட்டலில்தான் அது சேரும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வானிலை மையத்தில் அப்சர்வராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால், முதலில் இதைத்தான் சொல்கிறார். நிருபர்கள், வக்கீல்கள், காப்பீட்டு நிறுவனத்தார் என்று இதில் தடுமாறாதவர்கள் குறைவாம். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழை, ஏட்டில் டிசம்பர் 2-க்கு நேரே 294 மில்லிமீட்டர் என்று நிற்பதும் இதனால்தான்.

வானிலைக்காரர்களுக்கு நாள் என்பது எட்டரையிலிருந்து எட்டரை வரை. கிரீன்விச்சில் அப்போது அதிகாலை மூன்று மணி. உலகத்து நிலையங்கள் எல்லாம் ஒரே கணத்தில் அளந்தால்தான் அழுத்தக் கோடுகளை வரைந்து ஒரு வரைபடம் போட முடியும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. மூன்று மணிக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டு முறை அளக்க வேண்டும். அதிகாலை இரண்டரையும் அதில் அடக்கம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விலக்கு கிடையாது. புயல் நெருங்கினால் மணிக்கு ஒரு முறை.

எட்டரை மணி என்று எழுதினாலும், காற்றழுத்தமானியைத்தான் சரியாக எட்டரைக்குப் பார்ப்பார்கள். மற்ற வேலைகள் பத்து நிமிடம் முன்பே தொடங்கிவிடும். முதலில் வெளியே புல்வெளிக்குப் போக வேண்டும். மழைமானியின் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கலத்தில் சேர்ந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றி, நீர்மட்டத்தின் வளைந்த அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். அப்புறம், பக்கமெல்லாம் சாய்ந்த சட்டங்கள் அடித்த வெள்ளை மரப்பெட்டி. ஸ்டீவன்சன் ஸ்கிரீன் என்று பெயர். கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போது வெயில் வெப்பமானிகளின் மேல் விழக்கூடாது அல்லவா. உள்ளே நான்கு வெப்பமானிகள். அதில் ஈரக்குமிழைச் சுற்றிய மஸ்லின் துணிதான் கடலோர நிலையத்தில் அதிகம் படுத்தும். உப்புக் காற்றும் தூசியும் படிந்து துணி விறைத்துவிட்டால் நீர் சரியாக ஏறாது. ஈரப்பதக் கணக்கு மொத்தமும் அந்தத் துணியில்தான் தொங்குகிறது. பெரும்பிழை பெரும்பாலும் பெரிய கருவியிலிருந்து வருவதில்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்வதுண்டு.

உள்ளே வந்தால் பாதரசக் காற்றழுத்தமானி. அதன் பக்கத்தில் போனதும் முதலில் படிக்க வேண்டியது அழுத்தத்தை அல்ல, அதனோடு ஒட்டியிருக்கும் சின்ன வெப்பமானியை. ஆள் பக்கத்தில் நின்றாலே உடல் சூடு அதில் ஏறிவிடும். விரலால் குழாயை லேசாகத் தட்டி, பாதரசத்தின் குமிழ் முகட்டைத் தொடும்படி வெர்னியரை இறக்கிப் படித்த பிறகு, வெப்பத்துக்கு ஒரு திருத்தம், புவியீர்ப்புக்கு ஒரு திருத்தம், கடல்மட்டத்துக்கு இறக்க ஒரு திருத்தம். இத்தனைக்குப் பிறகு கிடைக்கும் எண்ணைத்தான் மற்ற ஊர்களுக்குச் சொல்லலாம்.

இந்த அழுத்தத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வெப்பமண்டலக் கடற்கரையில் காற்றழுத்தம் கடலலையைப் போல நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சம், மாலை நான்கு மணிவாக்கிலும் அதிகாலை நான்கு மணிவாக்கிலும் தாழ்வு. பகல் ஏற்ற இறக்கம் சுமார் மூன்று மில்லிபார். இங்கிலாந்தில் வானிலை கற்று இங்கே வந்தவர்களுக்கு இது அதிசயம். அங்கே அழுத்தம் நாளுக்கு நாள் தாறுமாறாக ஆடும், இந்தத் தாளம் அந்த இரைச்சலில் காணாமல் போய்விடும். இங்கே தாளம் தப்புவதுதான் செய்தி. அதனால் நம் கடற்கரை நிலையத்தில் காலை அழுத்தத்தை மாலை அழுத்தத்தோடு ஒப்பிடுகிறவர் பச்சைப்பிள்ளை. நேற்று இதே நேரத்து அழுத்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த இருபத்து நாலு மணி நேர வித்தியாசம் மூன்று, நான்கு மில்லிபார் என்று கீழே போனால், வங்கக் கடலில் ஏதோ உருள்கிறது. செயற்கைக்கோள் படம் வராத காலத்தில் பெரும்பாலும் இந்த எண்ணை நம்பித்தான் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள்.

மேகத்துக்கு மட்டும் கருவி கிடையாது, கண்தான். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மூடியிருக்கிறது, எந்த வகை மேகம், எவ்வளவு உயரம் என்று எழுத வேண்டும். நடுராத்திரியில் நட்சத்திரம் தெரிகிற இடத்தைக் கழித்துப் பங்கு சொல்வார்கள்.

கோடையில் வேறு ஒரு காத்திருப்பு உண்டு. சென்னையின் மே மாத உச்ச வெப்பத்தை நிர்ணயிப்பது சூரியன் மட்டும் இல்லை, கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதும்தான். பகல் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டால் பாதரசம் அங்கேயே நின்றுவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்து அதைத் தடுத்து நிறுத்தினால் நாற்பதைத் தாண்டும். நுங்கம்பாக்கத்துக்கு முதலில் வரும், மீனம்பாக்கத்துக்குக் கொஞ்சம் பிந்தும். ஒரே சென்னைக்கு இரண்டு வெப்பநிலை சொல்கிறார்களே என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்த இடைவெளிதான். காற்றுத் திசைகாட்டி தென்கிழக்குக்குத் திரும்பி, ஈரப்பதம் சட்டென்று ஏறும் அந்த நிமிடத்தை வரைபடத் தாளில் பார்த்துவிட்டால், அன்றைய உச்சம் முடிந்தது என்று தெரியும்.

போன் ஒலித்துக்கொண்டே இருக்கும். “சார், கத்திரி முடிஞ்சுதா?” என்று மே மாதத்தில் கேட்பார்கள். கத்திரி பஞ்சாங்கத்துச் சரக்கு, எங்கள் ஏட்டில் அப்படி ஒரு பத்தி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மறு வருஷமும் கேட்பார்கள். “சார், பத்தாம் தேதி ராத்திரி மண்டபத்துக்கு வெளியே பந்தல் போடலாமா?” இது தை மாசிக்காரர்கள். நவம்பரில் பிள்ளைகளே கூப்பிடுவார்கள்: “அங்கிள், நாளைக்கு லீவா?” விடுமுறை விடுவது ஆட்சியரின் வேலை என்று யார் நம்புவார்கள்? எஸ். ஆர். ரமணன் தொலைக்காட்சியில் மழை அறிவிப்புச் சொல்லிவந்த ஆண்டுகளில், ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் முகம்தான் விடுமுறை.

இந்த வளாகத்துக்கு மழை அளப்பதற்கு முன்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் இங்கே வானாய்வுக் கூடம் கட்டியது வானத்து நட்சத்திரங்களை அளக்க. கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் எழும்பூரில் சொந்தமாக வைத்திருந்த கருவிகள்தான் தொடக்கம். கடற்கரையை அளந்துவந்த மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினார். அளவையாளர்களைப் பயிற்றுவிக்க அவர் 1794-ல் எட்டுப் பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. கப்பலுக்கும் நிலப்படத்துக்கும் தீர்க்கரேகை வேண்டும். சென்னையின் தீர்க்கரேகை இங்கிருந்துதான் குறிக்கப்பட்டது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் இதுதான் ஆதாரப் புள்ளி. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை நாட்டின் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில்.

கருவியைத் தாங்க நிறுத்திய பத்து டன் கருங்கல் தூண் இன்னும் வளாகத்தில் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியலைப் பிரிட்டிஷாரின் தாராளம் முதன்முதலில் நட்டதென்று ஆயிரம் வருஷம் கழித்து வருபவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பது எண்ணம். இந்தப் பெருமிதத்தைக் குலைத்தவர் இதே கூடத்தின் பொறுப்பில் 1805 முதல் 1811 வரை இருந்த ஜான் வாரன்தான். அவர் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லியபடியே 1825-ம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடங்கள்தான். தென்னிந்தியாவின் காலக்கணக்கு முறைகளை விளக்கி வாரன் எழுதிய ‘கால சங்கலித’ நூலில் அந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது. பத்து டன் தூணில் வெட்டியதைவிட அந்தப் பக்கங்கள் நம்பகமானவை.

மழைக்கு வருவோம். தூரநோக்கியில் நட்சத்திரத்தைப் பார்த்தால், வளிமண்டலம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று திருத்த வேண்டும். அதற்குக் காற்றின் அழுத்தமும் வெப்பமும் தெரிய வேண்டும். வானியலாளன் வீட்டில் வானிலை நுழைந்த வழி அது. 1796 முதல் அழுத்தமும் வெப்பமும் ஏட்டில் ஏறின. மாத மழைக் கணக்கு 1813-லிருந்து தொடர்ந்து கிடைக்கிறது. டாப்பிங்குக்குப் பின் வந்த ஜான் கோல்டிங்ஹாம்தான் இந்தப் பழக்கத்தை நிலைப்படுத்தியவர். இன்றைய ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவரும் அவரே. அவர் செய்த ஒரு சோதனை மாத வானிலையின் அழகான உபகதை. ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடும் பீரங்கியின் ஒளியைப் பார்த்த கணத்திலிருந்து ஓசை காதில் விழும்வரை நேரத்தைக் கணக்கிட்டு, ஒலியின் வேகத்தை அளந்தார். கூடவே அழுத்தம், வெப்பம், ஈரம், காற்று எல்லாம் குறித்தார். முடிவை மாதவாரியாகப் போட்டுப் பார்த்தபோது குளிர்மாதங்களில் ஒலி மெதுவாகவும் கோடையில் வேகமாகவும் போவது தெரிந்தது. 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது. பீரங்கிச் சத்தத்திலும் மார்கழியையும் ஆனியையும் பிரித்துக் கேட்டிருக்கிறார் மனிதர்.

பழைய ஏட்டில் இரண்டு ஆண்டுகளைத்தான் அப்சர்வர்கள் புதியவர்களுக்குக் காட்டுவார்கள். 1827-ல் 88.41 அங்குலம். 1832-ல் 18.45 அங்குலம். இன்றைய அளவில் 2,246 மில்லிமீட்டரும் 469 மில்லிமீட்டரும். ஒரே தோட்டம், ஐந்தே வருஷ இடைவெளி. 1832-ன் வறட்சி வடக்கே குண்டூர்ச் சீமையைத் தின்றது. குண்டூர்ப் பஞ்சம் என்று வருவாய்த்துறைக் குறிப்புகளில் நிலைத்துவிட்ட கொடுமை அது. சென்னையின் ஆண்டுச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர் என்று பாடப்புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் அப்படியே 1,400 பெய்த ஆண்டைத் தேடினால் அலுத்துவிடும்.

மாதக் கணக்கில் இது இன்னும் மோசம். நவம்பரின் சராசரி ஏறக்குறைய 400 மில்லிமீட்டர். அது முப்பது நாளும் அளவாகப் பெய்து சேர்ந்ததல்ல. 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் அதை மழை நாள் என்பார்கள். நவம்பரில் அப்படிப்பட்ட நாட்கள் பன்னிரண்டு இருந்தால் பெரிது. அதிலும் இரண்டு மூன்று நாட்களே பாதி மழையைக் கொட்டிவிடும். 1976 நவம்பர் 25-ல் ஒரே நாள் கணக்கு 452.4 மில்லிமீட்டர்: ஒரு மாதத்தின் சராசரி முழுதும் இருபத்து நாலு மணி நேரத்தில். தாழ்வு மண்டலம் ஒன்று ஊரைத் தொட்டால் நவம்பர் கொழுத்த மாதம், ஓங்கோலுக்கோ நாகைக்கோ ஒதுங்கிவிட்டால் மெலிந்த மாதம். ஆகவே இந்தக் கடற்கரையில் ஒரு மாத மழையை முன்கூட்டிச் சொல்வதென்பது, வேறு பெயரில், ஒரு புயல் எங்கே கரையேறும் என்று நாலு வாரம் முன்னால் சொல்வதுதான். அதை இன்றைய கணினியும் ஒப்புக்கொள்ளத் தயங்கும். அப்சர்வரின் கட்சி இதுவே. மாதச் சராசரியை யாராவது மழை என்று நம்பி அணையைத் திறக்கப் போனால் அவருக்குப் பதறும்.

நார்மன் ராபர்ட் பாக்சன் 1861-ல் இங்கே வந்து முப்பது வருஷம் இருந்தார். வந்த வருஷமே ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து முதலில் கண்டது என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். அவருக்கு மெட்ராஸ் மாகாண வானிலைப் பொறுப்பும் சேர்ந்து வந்தது. மகள் ஐசிஸ் பாக்சன் 1873-ல் கணக்கீடு செய்பவராகச் சேர்ந்தார். சம்பளம் 150 ரூபாய். ஒரு சமையற்காரர் வாங்கும் கூலி என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். 1881 முதல் மாகாண வானிலை அறிக்கையாளரும் அவரே, 1898-ல் ஓய்வு பெறும்வரை. 1886-ல் ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, பெண் என்பதால் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1920-ல்தான் உறுப்பினரானார். சென்னையின் 1880-களின் வானிலையைப் பற்றி இன்று யார் எதை எழுதினாலும், அந்தப் பெண்மணியின் மேசையைக் கடந்து வந்த எண்களைத்தான் புரட்டுகிறார்கள்.

பாக்சனுக்கு உதவியாக இருந்தவர்களில் ரகுநாதாச்சாரி ஒருவர். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டவர். நவீன வானியல் அளவுகளைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தியவரும் அவர்தான், திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் முன்னோடி. ஒரு பக்கம் அப்சர்வேட்டரி ஏடு, மறு பக்கம் பஞ்சாங்கம் என்று ஒரே கை இரண்டையும் எழுதியிருக்கிறது. பஞ்சாங்கத்துக்கும் ஒரு மழைக் கணிப்பு முறை இருந்தது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் நாட்களில் மேகம் கருக்கட்டுவதைக் கவனித்து, வரும் ஆண்டின் மழை எந்த மாதம் எப்படி என்று சொல்வார்கள். கர்ப்போட்டம் என்று இன்றும் தஞ்சைப் பக்கம் பேசுகிறார்கள். முன்மாதத்து அடையாளத்தை வைத்துப் பின்மாதத்தைச் சொல்வது என்கிற அளவில் பார்த்தால், சிம்லாவில் உட்கார்ந்து வெள்ளைக்கார வானிலை அதிகாரிகள் செய்யத் தொடங்கியதும் அதே வகை. வித்தியாசம், அவர்கள் தவறியதையும் எழுதிவைத்தார்கள்.

அந்தக் கதை பஞ்சத்தில் தொடங்குகிறது. இந்திய வானிலைத் துறை 1875-ல் உருவானது. அடுத்த வருஷமே தாதுவருஷப் பஞ்சம். துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, இமயத்தில் வசந்தகாலத்துப் பனி அதிகமானால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்று கண்டு, 1886-ல் முறையான முதல் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். அவருக்குப் பின் ஜான் எலியட். நீண்ட நீண்ட அறிக்கைகள் எழுதுவார். 1899-ல் நல்ல மழை என்று அவர் அறிவித்தார். வந்தது கடும் வறட்சி.

1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற சீனியர் ராங்லர், பூமராங் எறிவதில் பைத்தியம். வானிலை எதுவும் படித்தவரல்ல. அதுவே நல்லதாயிற்று. காரணத்தை ஊகிக்காமல் எண்களை எண்களோடு மோதவிட்டார். இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, உலகின் மூலை முடுக்கிலிருந்து வந்த அழுத்தத்தையும் மழையையும் பெருக்கிக் கூட்டி, எது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்று கண்டார்கள். 1909-ல் அவர் எழுதிய சூத்திரத்தில் இமயப் பனி, மொரீஷியஸ் அழுத்தம், தென் அமெரிக்க அழுத்தம், சான்சிபார் மழை என்று நான்கு சரக்குகள். பசிபிக்கின் அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடலில் இறங்கும் அந்த ஊஞ்சலுக்குத் தென்னக அலைவு என்று பெயர் வைத்ததும் அவரே. இதே வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் கிடைத்தது. வானிலைத் துறை செய்த முன்னறிவிப்புகளில் பழுதில்லாமல் பலித்தது அது ஒன்றுதான் என்று அப்சர்வர்கள் கேலி பேசுவதுண்டு.

சிம்லாவின் சூத்திரங்கள் எல்லாம் தென்மேற்குப் பருவத்துக்கு. சென்னைக்கு மழை தருவது அது திரும்பிப் போகும் காலம். பிளான்போர்டிலிருந்து வாக்கர்வரை தலைமையகம் கவலைப்பட்டது ஜூன் முதல் செப்டம்பர்வரைக்கும்தான். இங்குள்ளவர்களுக்கு ஆண்டு தொடங்குவதே அக்டோபரில். கப்பல்காரர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த கையோடு நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதறடித்தது. பிற்காலத்தில் அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கி, கப்பல்கள் விலகிப் போகலாம் என்று அறிவிப்பது வழக்கம். 1881 நவம்பரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவரையே புயல் உடைத்துப் போட்டது.

வாக்கரின் ஊஞ்சல் இங்கே தலைகீழாகவும் ஆடும். எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவம் நலியும், வடகிழக்குப் பருவம் பெரும்பாலும் செழிக்கும். 1918-ல் நாடு முழுக்க மழை பொய்த்தது. அதே வருஷம் நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,088 மில்லிமீட்டர், இன்றுவரை முறியாத மாதக் கணக்கு. 2015-லும் எல் நினோ. நவம்பரில் 1,049, அதன்மேல் டிசம்பர் தொடக்கத்தில் அந்த 294. 1901 டிசம்பரில் பதிவான 261 மில்லிமீட்டர் ஒரு நாள் கணக்கு அதோடு முறிந்தது. அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மறுவருஷம் பருவம் வந்தபோது எல் நினோ இல்லை. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்த வறண்ட பருவத்தின் நடுவில்தான் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து நகரத்து மரங்களைச் சாய்த்தது, சென்னைக்கு அந்தப் பருவத்தில் கிடைத்ததில் கணிசமான பங்கு அது கொண்டுவந்ததே. பருவம் முழுக்கக் குறைவு என்று ஒரு கணிப்பு சரியாகச் சொல்லியிருந்தாலும், அது அந்த ஒரு நாளுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது.

இப்போது மாத முன்னறிவிப்பு சூத்திரத்தில் வருவதில்லை. கடலையும் காற்றையும் சேர்த்து ஓட்டும் கணினி மாதிரிகள் பலவற்றைக் கலந்து, மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கு வெளியிடுகிறார்கள். அதில் மில்லிமீட்டர் எதிர்பார்க்கக்கூடாது. கடந்த ஆண்டுகளை மூன்று சம பங்காகப் பிரித்து, வரும் மாதம் குறைவான பங்கில் விழ எவ்வளவு வாய்ப்பு, நடுப் பங்கில், மிகுந்த பங்கில் எவ்வளவு என்று நிறம் தீட்டிக் காட்டுவார்கள். மிகுந்த பங்குக்கு 55 சதவீதம் என்றால், 45 சதவீதம் அப்படி நடக்காமல் போகலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. செய்தித்தாளின் தலைப்பில் இது ‘வெளுத்து வாங்கும்’ என்று வரும்.

அன்றாட அறிக்கையின் சொற்களுக்கும் அளவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானிகளில் கால்பங்கு வரை, ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரை, ‘பல இடங்களில்’ முக்கால் வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியது என்று அறிவிக்கவும் விதி உண்டு. கடற்கரையில் கீழைக்காற்று நிலைத்து வீச வேண்டும், அது ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம்வரை இருக்க வேண்டும், கடலோரத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும். மீனவர்கள் கொண்டல் திரும்பிவிட்டது என்று நாலு நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். பலூன் விட்டு உயரத்துக் காற்றைப் பார்த்த பிறகுதான் அலுவலகம் சொல்லும். 2021 டிசம்பர் 30 அன்று, பருவம் முடியப் போகிறது என்றிருந்த பிற்பகலில், மாதிரிகள் சரியாகக் காட்டாத பெருமழை நகரின் நடுவில் நின்று பெய்தது. ராடார் திரையில் அது வளர்வதைப் பார்க்க முடிந்தது, நிறுத்தி வைக்கச் சொல்லத்தான் வழியில்லை.

பழைய ஏடுகளின் மதிப்பு யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. 1796-லிருந்து சென்னையில் எழுதிய அழுத்த அளவுகளைத் தொகுத்து, இருநூறு வருஷத் தொடராக 2002-ல் வெளியிட்டார்கள். எல் நினோவின் பழைய சுவடுகளைத் தேட, இவ்வளவு நீண்ட வெப்பமண்டலத் தொடர் வேறு எங்கே கிடைக்கும்? சேர்ப்பது லேசல்ல. நோக்கும் நேரம் காலந்தோறும் மாறியிருக்கிறது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் அழுத்தத்தில் பத்து மணிக் கணக்கையும் நாலு மணிக் கணக்கையும் ஒன்றாகக் கூட்ட முடியாது. வெப்பத்துக்கு வேறு தொல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இந்திய நிலையங்களில் வெப்பமானிகள் ஓலைக் கொட்டகைக்குள் தொங்கின. மரப்பெட்டிக்கு மாறியபோது எண்ணும் கொஞ்சம் மாறியது. 1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்கு மாறியபோதும், அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறியபோதும் நுங்கம்பாக்கத்தில் அளப்பது மட்டும் நிற்கவில்லை.

மாதக் கடைசியில் அப்சர்வருக்கு வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு பத்தியையும் கூட்ட வேண்டும், உச்சமும் தாழ்வும் எந்தத் தேதி என்று குறிக்க வேண்டும், பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு ஒட்டாத எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு மாத மழையை இயல்போடு ஒப்பிட்டு வகைப்படுத்துவார்கள். 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் அது இயல்புதான், இருபதிலிருந்துதான் அதிகம் அல்லது குறைவு. அந்த இயல்பும் கல்லில் வெட்டியதல்ல. பல பத்தாண்டுகளின் சராசரி அது. பத்தாண்டுக்கு ஒரு முறை பழைய பத்து வருஷத்தைக் கழித்துப் புதிய பத்தைச் சேர்ப்பார்கள். 2015 போன்ற ஆண்டுகள் உள்ளே வந்ததும் சராசரி நகரும். போன வருஷம் ‘அதிகம்’ என்று அறிவித்த அதே மழை இந்த வருஷம் ‘இயல்பு’ ஆகிவிடலாம். “அப்ப போன வருஷம் தப்பாச் சொன்னீங்களா சார்?” என்று போனில் கேட்பார்கள். விளக்கி முடிப்பதற்குள் பதினொன்றரை நோக்கலுக்கு நேரமாகிவிடும் என்று சொல்லிச் சிரிக்கிறார் அவர்.